முறுக்கினாத்தான் ஓடும்

பொறுங்க தம்பி, எடுத்த எடுப்புல மிதிச்சிராதீங்க. ரொம்ப நாளா சும்மா நின்ன வண்டி. கிளட்ச் பிளேட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். மொதல்ல கிளட்சை முழுசாப் பிடிங்க. பிடிச்சுக்கிட்டே, சாவியைத் திருப்பாம, கிக்கரைச் சும்மா அமுக்கிவிடுங்க. இன்னொருக்கா. டப்புன்னு கேட்டுதா? பிளேட்டு பிரிஞ்சிட்டுன்னு அர்த்தம். இதைச் செய்யாம கியரைப் போட்டீங்கன்னு வைங்க, சவத்து வண்டி தவளை மாதிரித் தாவும். அந்தச் செவுத்துல காரை பேந்து கெடக்குல்லா, இது தாவுனதுதான்.

குறைன்னு சொல்லக் கூடாது. குணம்னு சொல்லணும். சூடாயிட்டுன்னா அதுக்கு வேற குணம். லிவரை அடியோட பிடிச்சாலும் கிளட்ச் விடாது, வண்டி முன்னாடி இழுத்துக்கிட்டே இருக்கும். நின்ன பொறவு நியூட்ரல் தேடுனா கெடைக்காது. உருண்டுக்கிட்டு இருக்கையிலயே நியூட்ரலுக்குத் தள்ளிரணும். மெதுவாப் போறப்ப முறுக்கிக்கிட்டே போகணும். கிளட்ச் பாதி, ஏக்ஸிலேட்டர் பாதி. முறுக்கை விட்டீங்க, அணைஞ்சு போயிரும். அணைஞ்சா அந்தச் சூட்டுல லேசுல எடுக்காது. முன் பிரேக்கு பேருக்குத்தான் இருக்கு. பிடிச்சா கிரீச்சுன்னு கத்தும், நிக்காது. பின் பிரேக்கைத்தான் நம்பணும். அதையும் ஈரத்துல ஓங்கி மிதிச்சா வால் சுத்திரும். எல்லாப் பழைய வண்டியிலயும் உள்ளதுதானே? பழகுனவனுக்கு இதெல்லாம் ஒரு விசயமா? நான் எத்தனை காலம் ஓட்டுனேன், ஒரு கீறல் கெடையாது.

டேங்குல ஒடுக்கு இருக்கேன்னு பாக்கீங்க. அது என் கையில இருக்கையில விழுந்தது இல்ல. பஸ் ஸ்டாண்டுல இறங்கி உரக்கடை கோமதிநாயகம் வீடு எதுன்னு கேட்டிருப்பீங்க, அந்த வண்டியவா வாங்கப் போறீங்கன்னு எவனாவது சொல்லியிருப்பான். அதான் வந்ததுல இருந்து ஒரு மாதிரியாப் பாக்கீங்க. சொல்லிருதேன். என் மேல ஒரு தப்பும் இல்ல, எனக்கு ஒளிக்க என்ன இருக்கு.

நான் புது வண்டி எடுத்தப்ப இதை மதியரசுன்னு ஒருத்தனுக்குக் கொடுத்தேன். டைல்ஸ் ஒட்டுத வேலை. டவுனுக்குப் போய் வர வண்டி வேணும்னு கேட்டான். அவங்க ஆளுக குடியிருக்கது எங்க மேலத்தெருவைத் தாண்டி, காலனியில. நல்ல பய, குடி கெடையாது. அவன் அப்பன் எங்கப்பாவை ஐயான்னு கூப்பிடுவான், இவன் என்னை அண்ணாச்சிம்பான். நான் அதைக்கூடப் பெருசா எடுத்துக்கிடல. இப்ப உங்களுக்குச் சொன்னேன்லா, அத்தனையும் அவனுக்கும் சொல்லிக் கொடுத்தேன். ஆளு கூடி நிக்கிற எடத்துல முறுக்கிக்கிட்டே போ மதி, முறுக்கினாத்தான் ஓடும்னு நான்தான் சொன்னேன். எவன் சொல்லுவான் அப்படி? வித்தோமா, ஒழிஞ்சுதான்னு போயிருவான்.

எங்க தெருவுல ஒரு வழக்கம் உண்டு. காலனி ஆளுக தெருமுனையில வண்டியை விட்டு இறங்கி, கோயிலைத் தாண்டுத வரைக்கும் உருட்டிக்கிட்டுத்தான் போவாங்க. யாரும் போர்டு எழுதி வைக்கல தம்பி. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவும் இல்ல. அம்மன் கோயில் இருக்கு, பெரியவங்க உக்காந்திருப்பாங்க, ஒரு மரியாதை. மதியோட மாமன் ஒருத்தன் முன்னாடி சைக்கிள்ல உக்காந்தபடியே போனான். பிடிச்சு இழுத்து செருப்பால நாலு சாத்து சாத்துனாங்க, ரெண்டு பல்லு போச்சு. அதோட சரி, அதுக்குப் பொறவு ஒரு பிரச்சினையும் இல்லாம எவ்வளவு ஒத்துமையா இருந்தோம். மதியும் அந்த வழக்கத்தை மீறினது இல்ல. அதை நான் எங்கேயும் சொல்லுவேன். தெருமுனை வந்ததும் அணைச்சுப்போட்டு உருட்டுவான். மேடு ஏத்தணும், மேல சட்டையெல்லாம் நனைஞ்சுரும். நான் கடையில இருந்து பாப்பேன். என் வண்டிதானேன்னு ஒரு பாசம்.

அன்னிக்கு அவன் ஆத்தாளைப் பின்னாடி வச்சுக் கூட்டிட்டு வந்தான். சொர்ணம்னு பேரு. செங்கச்சூளையில விழுந்து வலது காலு முறிஞ்சு, டவுன் ஆஸ்பத்திரியில தொடை வரைக்கும் மாவுக்கட்டு போட்டிருந்தது. காலை நீட்டிக்கிட்டு, ஒரு பக்கமாச் சாஞ்சு உக்காந்திருந்தா. மழை பெஞ்ச சமயம். குளத்தங்கரை வழியும் உண்டு, ஆனா அதுல முழங்கால் தண்ணி. அதனால எங்க தெரு வழியா வந்தான். விளக்கு வைக்கிற நேரம். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுக்கிட்டு இருந்தானுவ. எங்க அண்ணன் மகன் உலகநாதன்தான் முன்னால நின்னு எல்லாம் பாத்தான். அவன் கூட்டாளிக எல்லாம் சவுக்குக் கம்பும் கயிறுமா நின்னானுவ.

மதி தெருமுனையில இறங்கினான். நான் கண்ணால பாத்தேன். இறங்கத்தான் செஞ்சான். ஆனா எஞ்சினை அணைக்கல. ஆத்தாளை வச்சு அந்த வழுக்கு மேட்டுல தனி ஆளா எப்படி உருட்ட? அதனால எஞ்சின் ஓட்டத்துலயே, ஃபர்ஸ்ட் கியர்ல, கிளட்சைப் பாதி விட்டுக்கிட்டு, இடது பக்கமா நடந்துக்கிட்டே ஏத்தினான். அப்படி ஏத்தணும்னா முறுக்கணும். முறுக்குனான். வண்டி உறுமிச்சு. டவுன்ல இருந்து வந்த சூடு வேற, புகையும் சத்தமுமா, கோயில் முன்னாடி.

உலகநாதன் கம்பைக் கீழ போட்டுட்டு நடுத்தெருவுல வந்து நின்னான். அவனுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்? அவன் ஓட்டுதது புது வண்டி, பட்டனை அமுக்குனா பூனை மாதிரிப் போவும்.

"யாருகிட்டல முறுக்கு காட்டுத?"ன்னான்.

மதி நிறுத்தப் பாத்தான். லிவரை அடியோட பிடிச்சிருக்கான், அது எனக்குக் கடையில இருந்தே தெரியுது. விடல. சூட்டுல கிளட்ச் விடாதுன்னு சொன்னேன்லா. முன் பிரேக்கு கிரீச்சுன்னு கத்துது, பிடிக்கல. பின் பிரேக்கு இருக்கது வலது பக்கம், இவன் நடக்கது இடது பக்கம், காலு எப்படி எட்டும்? சக்கரம் உருண்டு போயி உலகநாதன் முழங்கால்ல முட்டிட்டு. லேசாத்தான். வெள்ளை வேட்டியில சேறு அப்பிக்கிட்டு.

மொத அடி கன்னத்துல. அது உலகநாதன் அடிச்சது. அடுத்தது யாரு அடிச்சான்னு எனக்குத் தெரியாது, கோர்ட்டுல கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன். நாலஞ்சு பேரு சூழ்ந்துட்டானுவ. முதுகுல, விலாவுல, பொடதியில. மதி ஒரு அடியும் திருப்பி அடிக்கல. கையைத் தூக்கி முகத்தைக்கூட மறைக்கல. மறைக்க முடியாதுல்லா, கையை எடுத்தா வண்டி சாயும், மேல ஆத்தா உக்காந்திருக்கா. ரெண்டு கையாலயும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னு வாங்குனான். வாயில இருந்து ரத்தம் டேங்கு மேல சொட்டுது. அம்மா இருக்கா, அம்மா இருக்கான்னு அதை மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தான்.

இதுல ஒரு கொடுமை பாருங்க. வலது கை ஏக்ஸிலேட்டர்ல இருக்கு. ஒவ்வொரு அடி விழும்போதும் அந்தக் கை தன்னால இறுகும். இறுகுனா முறுக்கும். முறுக்குனா வண்டி உறுமும். அடிக்க அடிக்க உறுமுது. இவனுவளுக்கு அது அவனே எதுத்துக் கத்துத மாதிரி இருந்திருக்கு. இன்னும் முறுக்குதான் பாருலன்னு சொல்லிச் சொல்லி அடிச்சானுவ. நிறுத்தட்டும், நிறுத்துதோம்னு ஒருத்தன் சொன்னான். அவன் எப்படி நிறுத்துவான்? நீங்க அடியை நிறுத்துங்கல, அது தானா அடங்கும்னு எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துது. வண்டியைப் பத்தித் தெரிஞ்சவன் அந்தத் தெருவுல நான் ஒருத்தன்தானே. ஆனா அந்த நேரத்துல யாரு கேப்பா? சொல்லுங்க. நானும் அந்த வீட்டுக்காரன். கிளட்ச் பிளேட்டு, ஏக்ஸிலேட்டர்னு பேசிக்கிட்டு நின்னா, எவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வாராருன்னு கேப்பானுவளா மாட்டானுவளா?

பொறவு ஒருத்தன் சவுக்குக் கம்பை எடுத்து ஓங்கி அந்தக் கையிலயே போட்டான். மணிக்கட்டுல விழுந்துது. பிடி விட்டுட்டு. வண்டி வலது பக்கமாச் சாஞ்சு அப்படியே அவ மேல விழுந்துது. மாவுக்கட்டுக் காலு அடியில. சைலன்சரு கொதிக்குது. ஏக்ஸிலேட்டர் பிடி தரைக்கல்லுல மாட்டி முழுசா முறுக்கினபடி நின்னுட்டு. கிளட்சை விட்டாச்சுல்லா, பின் சக்கரம் அந்தரத்துல கண்ணு மண்ணு தெரியாம சுத்துது, அவ சேலைத் தலைப்பை இழுக்குது. எஞ்சின் அலறுத அலறல் இருக்கே தம்பி, காது கொண்டு கேக்க முடியல. அப்படியே விட்டா பிஸ்டன் பிடிச்சுக்கிடும், எஞ்சினே போச்சு. நான் ஓடினேன். அத்தனை பேரும் அடிச்சுக்கிட்டு நிக்கையில நான் ஒருத்தன்தான் உள்ள புகுந்து, சாவியைத் திருப்பி அணைச்சேன். பெட்ரோல் ஒழுகுச்சு, அதையும் அடைச்சேன்.

அணைஞ்ச பொறவுதான் அவ கத்துதது கேட்டுது.

வண்டியை நிமித்துனதும் நான்தான். நிமித்துனதாலதானே அவளால காலை வெளிய எடுக்க முடிஞ்சுது? மாவுக்கட்டு நொறுங்கிப்போய், துணி மட்டும் தொங்குச்சு. சைலன்சர்ல பட்ட எடத்துல தோலு ஒட்டிக்கிட்டு வந்துட்டு. என்னை ஏறிட்டுப் பாத்தா. ஒரு நன்றி கெடையாது. நான் எதிர்பாக்கவும் இல்ல.

அதுக்குள்ள மதியைக் கோயில் படிக்கிட்ட இழுத்துட்டுப் போயிட்டானுவ. ரெண்டு பேரு தோளை அமுக்கிப் பிடிக்க, ஒருத்தன் அவன் வலது கையைப் படியில விரிச்சு வச்சான். உலகநாதன் பந்தக்காலுக்கு வச்சிருந்த கல்லை ரெண்டு கையாலயும் தூக்குனான். இந்தக் கைதானல முறுக்குச்சுன்னு கேட்டுக்கிட்டே போட்டான். நான் மொகத்தைத் திருப்பிக்கிட்டேன். எனக்கு ரத்தம் பாத்தா ஆகாது, சின்ன வயசுல இருந்தே. ஆனா சத்தம் கேக்கும்லா. காஞ்ச முருங்கைக் கம்பை ஒடிச்ச மாதிரி. கல்லைத் தூக்கி இன்னொருக்காப் போட்டான். அதுக்கப்புறம் மதிகிட்ட இருந்து சத்தமே இல்ல. தெருவுல வீட்டுக்கு வீடு கதவைச் சாத்துத சத்தம்தான்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தேன். என் சம்சாரம் சிவகாமி அதிர்ந்து ஒரு வார்த்தை பேசுதவ இல்ல. சோத்தைப் போட்டுக்கிட்டே, "உங்களுக்குத் தெரியும்லா, அது முறுக்கினாத்தான் ஓடும்னு"ன்னு கேட்டா. தெரியும், அதுக்கு இப்ப என்னங்குதன்னேன். தெரிஞ்சும் நின்னீங்களான்னா. எனக்கு எங்க இருந்துதான் வந்துதோ, தட்டை வீசிட்டேன். விளிம்பு அவ நெத்தியில பட்டுட்டு. லேசான காயந்தான், ரெண்டு தையல். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதும் நான்தான். நான் கோபக்காரன் இல்ல தம்பி, கடையில யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. அன்னிக்கு மனசு சரியில்ல. அதுல இருந்து அவ என் வண்டியில பின்னாடி உக்காரதில்ல, எங்க போனாலும் பஸ்ஸுலதான் போவா. பொம்பளைக வீம்பு.

பொறவு போலீசு வந்துது. உலகநாதனையும் அவன் கூட்டாளிகளையும் கொண்டுபோயி உள்ள வச்சாங்க. எங்க மதினி தெருவுல உருண்டு பெரண்டு அழுதா, பாக்க முடியல. மதி வண்டியை இன்னும் அவன் பேருக்கு மாத்தாம வச்சிருந்தான். சோம்பேறித்தனம். அதனால என்னையும் ஸ்டேசனுக்குக் கூப்பிட்டாங்க. இன்ஸ்பெக்டர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. கோயில் முன்னாடி வேணும்னே முறுக்குனான்னு இவங்க சொல்லுதாங்க, கிளட்ச் கோளாறு, முறுக்காம இருக்க முடியாதுன்னு அவன் சொல்லுதான், உங்க வண்டிதானே, எது நெசம்னாரு.

நான் என்ன சொல்ல? கோளாறுன்னு சொன்னா, கோளாறு வண்டியை ஒருத்தன் தலையில கட்டுனேன்னு என் மேல கேசு திரும்பாதா? முன் பிரேக்கு பிடிக்காதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவா? நான் ஓட்டுன வரைக்கும் ஒரு குறையும் இல்ல சார்னு சொன்னேன். அதுல பொய் என்ன இருக்கு? எனக்குக் குறையா இல்லதானே. அதை அப்படியே எழுதிக்கிட்டாரு. உலகநாதனுக்கு ஜாமீன் கெடைச்சுது. எங்க வக்கீல் என் கையைப் பிடிச்சுக் குலுக்குனாரு. கேசு இன்னும் நடக்கு, ஆனா பயப்பட ஒண்ணும் இல்லன்னு சொல்லுதாரு.

வண்டி ஸ்டேசன் வாசல்ல வெயில்லயும் மழையிலயும் கெடந்துது. பேரு என்னோடதுங்கதால எங்கிட்டயே எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. எனக்கு அடுத்தவன் பொருள் வேண்டாம். கொண்டுவந்து கழுவித் தொடைச்சு நிறுத்திட்டு, வந்து எடுத்துக்கோன்னு ஆளு மூலமா மதிக்குச் சொல்லி அனுப்புனேன்.

வந்தான். ஆத்தாளையும் கூட்டிக்கிட்டு வந்தான். அவ கம்பு ஊனி நடக்கா, காலு வளைஞ்சு போச்சு. அவன் கை, என்ன சொல்ல, கட்டெல்லாம் பிரிச்சாச்சு, ஆனா விரல் மடங்காது. மரத்துல செஞ்சு ஒட்டுன மாதிரி விரிஞ்சபடியே இருக்கு. வாசலுக்கு வெளியவே நின்னான். உள்ள வாப்பான்னேன், வரல. அண்ணாச்சின்னுகூடச் சொல்லல.

"வண்டி எனக்கு வேண்டாம். நீங்களே வச்சுக்கிடுங்க. ஒரே ஒரு தடவை இதை உங்க தெருவுல ஓட்டிக் காட்டுங்க"ன்னான்.

எதுக்குடான்னேன். ஒரு குறையும் இல்லன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்கல்லா, அப்ப முறுக்காம கோயிலைத் தாண்டுங்க, நாங்க தெருமுனையில நின்னு பாக்கோம்னான். கோபமாச் சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னான். ஆத்தாக்காரி என் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னா.

எனக்கு ரோசம் வந்துட்டு. இந்த வண்டியை எனக்கு ஓட்டத் தெரியாதா? எடுத்தேன். டவுன் ரோட்டுல ஒரு சுத்து போய் நல்லாச் சூடாக்கிக்கிட்டு, தெருவுக்குள்ள திரும்புனேன். முனையில அவங்க ரெண்டு பேரும் நிக்காங்க. நேரத்தைப் பாருங்க, கோயில் முன்னாடி எங்க ஆளுக சேர் போட்டு உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கானுவ. உலகநாதனும் இருக்கான். மேட்டுல வேகம் கொறைஞ்சுது. முறுக்காமப் பாத்தேன். திணறுது, இந்தா அணையப் போவுது. அந்த இடத்துல அணைஞ்சா எனக்கு என்ன மரியாதை? முறுக்குனேன். நல்லா முறுக்குனேன். தெருவே அதிருத மாதிரி உறுமிச்சு. புகையெல்லாம் அவனுவ டீக்குள்ள போயிருக்கும்.

ஒருத்தன் சேரை ஓரமா இழுத்துப் போட்டான். உலகநாதன் எந்திரிச்சு, சிரிச்சுக்கிட்டே நடுத்தெருவுக்கு வந்தான். நான் கிளட்சைப் பிடிச்சேன், விடல. முன் பிரேக்கைப் பிடிச்சேன், கிரீச்சுன்னுது. பின் பிரேக்கை மிதிக்கதுக்குள்ள சக்கரம் போயி அவன் காலை முட்டி, கையில இருந்த டீ வேட்டியில சிந்திட்டு.

"பாத்து சித்தப்பா"ன்னான். வேட்டியை உதறி விட்டுக்கிட்டான். பழைய வண்டி திரும்ப வந்துட்டா, இன்னும் சிங்கம் மாதிரியில்லா உறுமுதுன்னு டேங்கைத் தட்டிக் கொடுத்தான். மத்தவனுவளும் சிரிச்சானுவ. அண்ணாச்சிக்கு ஒரு டீ சொல்லுலன்னு ஒருத்தன் சத்தம் கொடுத்தான்.

நான் டீயைக் குடிச்சுட்டுத் திரும்பிப் பாத்தேன். தெருமுனையில ரெண்டு பேரையும் காணல. குளத்தங்கரை வழியா நடந்து போயிட்டாங்க, அவ கம்பு தடம் சேத்துல பதிஞ்சிருந்துது. அதுல இருந்து வண்டி இங்கதான் நிக்கி. இந்த ஊருல எவனும் வாங்க மாட்டேங்கான், ராசியில்லாத வண்டிங்கான்.

நீங்க படிச்ச புள்ளை, நீங்களே யோசிச்சுப் பாருங்க. அதே வண்டி. அதே தெரு. அதே கோயில் முன்னாடி நானும் முறுக்கித்தான் ஓட்டுனேன், அதே உலகநாதன் மேலயே முட்டவும் செஞ்சேன், ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லல. அப்ப கோளாறு வண்டியிலயா இருக்கு?